சாம்பார் ஏன் அடிப்பிடித்தது?

மயிலாப்பூரில் ஒரு நூல் வெளியீட்டு விழா. லஸ் பக்கத்தில் சின்ன அரங்கம், மின்விசிறிச் சத்தம், வாசலில் சுண்டலும் காபியும். மேடையில் ஆறு நாற்காலிகள், ஆறிலும் ஆண்கள். குத்துவிளக்கு ஏற்றவும் பொன்னாடைத் தட்டை ஏந்தவும் மட்டும் இரண்டு பெண்கள் ஏறி இறங்கினார்கள். நூலாசிரியர் ஏற்புரைக்கு எழுந்தார். நாற்பது வருடங்களாக எழுதுகிறவர். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் கடைசியாக மனைவியிடம் வந்து சேர்ந்தார். "என் புத்தகத்தில் ஒன்றைக்கூட இவள் படித்ததில்லை. அதனால்தான் எங்கள் வீட்டில் இதுவரை சாம்பார் அடிப்பிடித்ததே இல்லை!"

அரங்கம் அதிர்ந்தது. முதல் வரிசையில் இருந்த அந்த அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் எது என்று நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்து கச்சேரி சாலையில் நடக்கும்போதுதான் உறைத்தது. இதே ஜோக்கை முப்பது வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆள் மாறுகிறார், அரங்கம் மாறுகிறது, மைக் மாறுகிறது. சாம்பார் மட்டும் மாறவில்லை. புத்தகம், எழுத்தாளர், வாசிப்பு என்று எதைப் பற்றிச் சிரிக்கத் தொடங்கினாலும் கடைசியில் அந்தச் சிரிப்பு ஏன் ஒரு பெண்ணின் அடுப்பில் வந்து முடிகிறது? இந்தக் கட்டுரை அந்தச் சாம்பாரைப் பற்றியது.

*

வார இதழ்களோடு வளர்ந்தவர்களுக்கு இந்த ஜோக்கின் குடும்பமே தெரியும். மூத்தவள் வாசகி. தொடர்கதையில் மூழ்கிக் கிடப்பாள். பால் பொங்கி வழியும், குழந்தை அழும், கணவன் வெறும் தட்டோடு நிற்பான். அடுத்தவள் எழுத்தாளரின் மனைவி. அவருடைய கையெழுத்துப் பிரதியைப் பழைய பேப்பர்காரருக்கு எடை போடுவாள், அல்லது அதில் பஜ்ஜியை வைத்து எண்ணெய் ஒற்றுவாள். கடைக்குட்டி பெண் எழுத்தாளர். அவள் கதை எழுதுவாள், கணவன் சமைப்பான். அவன் சமைக்கிறான் என்பதுதான் அங்கே சிரிப்பு; வேறு எதுவும் தேவையில்லை.

இந்த மூன்றுக்கும் பக்கத்தில் ஆண் எழுத்தாளரைப் பற்றிய ஜோக்கை வைத்துப் பாருங்கள். அவரும் மறதிக்காரர்தான். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போவார், பிறர் செருப்பை மாட்டிக்கொண்டு வருவார், மகன் எந்த வகுப்பு என்று தெரியாமல் விழிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு செல்லம் இருக்கிறது. அவர் மறந்தால் அது மேதைமைக்கு அடையாளம். அவள் மறந்தால் அது பொறுப்பில்லாமைக்கு அடையாளம். மறதி ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் இரண்டு.

ஒரு சாதாரணக் கேள்வி கேட்கிறேன். சாம்பார் அடிப்பிடித்தபோது அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள்? கூடத்தில் சாய்வு நாற்காலியில் ஹிந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு மூக்கு இல்லையா? எழுந்து போய் அடுப்பை அணைக்கக் கை இல்லையா? அவரும்தான் படித்துக்கொண்டிருந்தார். ஆண் பேப்பர் படித்ததால் சாம்பார் அடிப்பிடித்தது என்று ஒரு ஜோக்கை நான் இதுவரை எங்கும் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். சட்டம் போட்டு மாட்டிவைக்கிறேன்.

அப்படியானால் அந்த ஜோக்குக்குக் கதையும் முக்கியமில்லை, எழுத்தாளரும் முக்கியமில்லை. ஒரு பெண் யாருக்கும் கைக்கு எட்டாமல் போய்விட்ட அந்த அரை மணி நேரம்தான் அதன் இலக்கு. கூப்பிட்டால் அவள் காதில் விழவில்லை. அவள் வீட்டில்தான் இருக்கிறாள், ஆனால் வீட்டில் இல்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த அரை மணி நேரத்துக்கு வசூலிக்கிற அபராதத்துக்குத்தான் நகைச்சுவை என்று பெயர்.

தமிழில் நாவல் பரவத் தொடங்கிய காலத்தில் இந்த அபராதத்தைச் சிரிக்காமலேயே வசூலித்தார்கள். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள், குடும்பம் குலையும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எத்தனையோ பேர் கவலைப்பட்டு எழுதினார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' அந்தக் காலத்து வாசிப்பையும் அதைச் சுற்றி எழுந்த பதற்றத்தையும் விரிவாகப் பேசுகிறது. பிறகு பள்ளிக்கூடம் வந்தது, எழுத்து கைக்கு வந்தது, புத்தகத்தைப் பெண்ணின் கையிலிருந்து பிடுங்க முடியாமல் போனது. உபதேசம் செய்தவர்கள் ஜோக் சொல்லத் தொடங்கினார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உபதேசத்தை எதிர்த்து வாதாடலாம். ஜோக்கை எதிர்த்தால் "உனக்கு நகைச்சுவை உணர்வே இல்லை" என்று வாயை அடைத்துவிடலாம். எவ்வளவு வசதி!

*

என் அம்மா தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைப்பார். அந்தத் தலைமுறைப் பெண்கள் எத்தனையோ பேர் செய்தது அது. வாராவாரம் பக்கங்களைக் கவனமாகப் பிரித்து, வரிசைப்படி அடுக்கி, கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ ஒட்டி, முதுகில் கதையின் பெயரை எழுதி வைப்பார்கள். இன்றும் லஸ் பக்கத்து நடைபாதைப் பழைய புத்தகங்களுக்கு நடுவே அப்படி ஒன்று தட்டுப்பட்டால் எடுத்துப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் தாளின் அளவு மாறும், ஓரங்களில் பாதி வெட்டுப்பட்ட விளம்பரம் தெரியும். யாரும் சம்பளம் கொடுக்காத, யாரும் ஆவணக் காப்பகம் என்று பெயர் சூட்டாத ஒரு காப்பக வேலை அது. வார இதழ்களின் விற்பனையைத் தாங்கியவர்கள் இவர்கள்தான். இடது பக்கத்தில் தொடர்கதையை இவர்களுக்கு விற்றுவிட்டு, வலது பக்கத்து ஜோக்கில் இவர்களையே கேலி செய்த வியாபாரம் அது.

அப்பாவின் நண்பர்கள் வீட்டுக்கு வருவார்கள். அம்மா கையில் புத்தகத்தைப் பார்த்தால் போதும். "என்ன அண்ணி, இந்த வாரக் கதையில யாரு செத்தா? சாம்பாரா, ரசமா?" அப்பா சிரிப்பார். அம்மாவும் சிரித்துக்கொண்டே எழுந்து காபி போடப் போவார். கொஞ்ச நாளில் கூடத்தில் உட்கார்ந்து படிப்பதை விட்டுவிட்டார். புத்தகம் சமையலறைக்குப் போனது. பிறகு அரிசி டின்னுக்குப் பின்னால் போனது. யாரும் தடை போடவில்லை, கை ஓங்கவில்லை. வாராவாரம் ஒரு ஜோக், அவ்வளவுதான். அந்தப் பைண்டிங் புத்தகங்களையும் வீடு மாறும்போது எடைக்குப் போட்டார்கள். "அடிப்பிடித்த சாம்பாரெல்லாம் போகுது" என்று அன்றைக்கும் யாரோ சொன்னார்கள். அன்றைக்கும் எல்லோரும் சிரித்தோம்.

*

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பெண் படித்தால் ஜோக், எழுதினால் ஜோக். ஆனால் பெண்ணின் பெயர் மட்டும் விற்கும். எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ஸ்ரீவேணுகோபாலன் புஷ்பா தங்கதுரையாகவும் எழுதினார். 'குமுதம்' ஜ.ரா. சுந்தரேசன் தம் தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் சேர்த்துப் பாக்கியம் ராமசாமி ஆகி, அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் படைத்தார். சீதாப்பாட்டி இங்கிலீஷ் பேசுவார், பாட்டிகள் முன்னேற்றக் கழகம் நடத்துவார். படித்த பாட்டி என்பதே தலைமுறைகளைச் சிரிக்கவைக்கப் போதுமானதாக இருந்தது. அந்தக் கதைகளில் அசடு அப்புசாமிதான், கெட்டிக்காரி பாட்டிதான். நானும் அவற்றை ரசித்தவள்தான். ஆனால் ஒரு பெண் கழகம் நடத்துவது ஏன் அதற்குள்ளாகவே ஒரு சிரிப்பு என்று யாரும் அப்போது கேட்கவில்லை. இங்கிலாந்தில் மேரியன் எவன்ஸ் நாவல் எழுத ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயருக்குள் போக வேண்டியிருந்தது. இங்கே ஆண்கள் பெண் பெயருக்குள் வந்து சௌகரியமாக உட்கார்ந்தார்கள். சொந்தப் பெயரில் எழுதிய பெண்களின் கதை என்ன?

மயிலாப்பூரிலிருந்து நடக்கிற தூரத்தில், திருவல்லிக்கேணியில், வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதினார். பள்ளிக்கூடம் போகாதவர். ஆரம்பத்தில் அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினார். நின்றுபோக இருந்த 'ஜகன்மோகினி' இதழை எடுத்து முப்பது வருடங்களுக்கு மேல் நடத்தினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். ஒரு கூட்டத்தில் இந்த எண்ணிக்கையை நான் சொன்னபோது பக்கத்தில் இருந்த பேராசிரியர் கேட்டது: "115-ஆ? அந்த அம்மா எப்போ சமைச்சாங்க?" ஆண்கள் ஆயிரக்கணக்கில் மாத நாவல் எழுதியிருக்கிறார்கள். எப்போது துணி துவைத்தீர்கள் என்று அவர்களை யாராவது கேட்டதுண்டா?

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய், அங்கே கூலி வேலை செய்கிறவர்களோடு பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினார். 1973-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தமிழில் அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். அடுத்தவர் 1984-இல் லக்ஷ்மி, மருத்துவர் திரிபுரசுந்தரி. பிறகு 2005-இல் திலகவதி, 2021-இல் அம்பை. 1955-இலிருந்து 2024 வரை தமிழ்ப் படைப்புகளுக்குக் கொடுத்த விருதுகளில் பெண்கள் நால்வர். நான்கே பேர். இத்தனை வருட ஜோக்குகளில் நான் கேட்ட மிகப் பெரிய ஜோக் இதுதான். ஆனால் இதற்கு மட்டும் அரங்கத்தில் யாரும் சிரிப்பதில்லை.

*

"சும்மா ஒரு ஜோக்குக்கு இவ்வளவு கோபமா?" என்பீர்கள். சும்மா எங்கே போய் முடிகிறது என்று பார்ப்போம். 2002-இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' கவிதைத் தொகுப்பு வந்தது. அவரையும் சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரையும் குறிவைத்து ஆபாசம், விளம்பர ஆசை என்று கூச்சல் எழுந்தது. இவர்களை மவுண்ட் ரோட்டில் நிறுத்தி எரிக்க வேண்டும் என்று ஒரு திரைப்பாடலாசிரியர் பேசும் அளவுக்குப் போனது. 2005-இல் 'சண்டக்கோழி' படத்தில் குட்டி ரேவதியின் பெயரை வைத்தே ஒரு கேலி வசனம் வந்தது. அவர் எதிர்த்துக் குரல் கொடுத்தார். என்னோடு படித்தவர்களே அன்று கேட்டார்கள்: "சினிமாவில் வரும் ஒரு வரிக்கா இவ்வளவு?"

எரிக்க வேண்டும் என்பதும் ஒரு வரிதான். கேலியும் மிரட்டலும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடு. கேலி முதலில் வந்து கதவைத் தட்டிப் பார்க்கும்: இந்தப் பெண்ணுக்காக யாராவது எழுந்து வருகிறார்களா? யாரும் வரவில்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அடுத்தவன் தைரியமாக உள்ளே வருவான்.

*

இதுவரை ஆண்களைச் சொன்னேன். இனி என்னைச் சொல்ல வேண்டும்.

நான் எம்.ஏ. படித்த காலம். தி. நகர் உஸ்மான் சாலையில் புத்தகம் வாங்கிக்கொண்டு மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினேன். இரவு பத்து மணி இருக்கும். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ரங்கநாதன் தெருக் கடைகளில் வேலை முடித்த பெண்கள், கடைச் சீருடையோடு. உட்கார இடமில்லை. எனக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் கையில் ரமணிசந்திரன் நாவல். என் கையில் கனமான இலக்கியக் கோட்பாட்டுப் புத்தகம், அதை எல்லோரும் பார்க்கும்படி வேறு பிடித்திருந்தேன். என் தோழியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு அவரிடம் கேட்டேன்: "அக்கா, இதையெல்லாம் எப்படிக்கா படிக்கிறீங்க?"

அவர் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நின்னுகிட்டுதான்."

கம்பார்ட்மெண்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. முகம் சுட்டது.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. காலை முதல் இரவு வரை அவர் நின்றார். உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் திட்டுவார். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021-இல். கேரளம் 2018-இல் செய்தது. அதற்கெல்லாம் பல வருடங்களுக்கு முன்னால், அந்த நாளில் அவருக்கென்று இருந்த ஒரே நேரத்தை, நின்றுகொண்டே ஒரு புத்தகத்துக்குக் கொடுத்திருந்தார். அந்த நேரத்துக்கும் அபராதம் போட நான் போய் நின்றேன். அப்பாவின் நண்பர்கள் அம்மாவுக்குச் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? என் ஜோக்கில் சாம்பார் இல்லை, அவ்வளவுதான்.

ஜார்ஜ் எலியட்டும் இதைச் செய்தவர்தான். நாவல் எழுதத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, 1856-இல், பெண்கள் எழுதும் அசட்டு நாவல்களைக் கிழித்து ஒரு கட்டுரை எழுதினார். ஆண்களின் மேடையில் இடம் கிடைக்க நாம் முதலில் விலகி நின்று கேலி செய்வது நம்மைப் போன்ற பெண்களைத்தான். "நான் அந்த மாதிரிக் கதை படிக்கிறவள் இல்லை" என்பது எத்தனை பேருக்கு நுழைவுச் சீட்டாக இருந்திருக்கிறது! கதையை விமர்சிக்கலாம், விமர்சிக்கத்தான் வேண்டும். பணக்கார நாயகனின் திமிரைக் காதல் என்று காட்டினால் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் விமர்சனம் புத்தகத்தைப் பார்த்துப் பேசும். கேலி படிக்கிறவளைப் பார்த்துப் பேசும். நான் அந்த நாவலில் ஒரு பக்கம்கூட அதுவரை படித்திருக்கவில்லை.

*

பெண்களுக்கு நகைச்சுவை வராது என்கிறவர்கள் அந்த ரயிலில் இருந்திருக்க வேண்டும். அல்லது என் அம்மாவின் பைண்டிங் புத்தகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எடைக்குப் போனதில் ஒன்று எப்படியோ தப்பி என்னிடம் இருக்கிறது. மஞ்சள் கறை, ஓரத்தில் பென்சிலில் பால் கணக்கு. நாயகன் இரண்டு பக்கத்துக்குத் தியாகத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அம்மாவின் கையெழுத்து: "எல்லாம் சரி, இவன் வேட்டியை யார் துவைக்கிறா?" அந்த நாவலைப் பற்றி அதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்தச் சிற்றிதழிலும் படித்ததில்லை.

அச்சிலும் இது உண்டு. 1934-இல் அதே 'ஆனந்த விகட'னில் குமுதினி எழுதினார். ஸ்ரீரங்கத்து ரங்கநாயகி தாத்தம். அயோத்தி அரண்மனைக்கு மருமகளாய்ப் போன சீதை, மிதிலையில் இருக்கும் அம்மாவுக்குப் புடவையைப் பற்றிக் கடிதம் எழுதுகிறாள். புகுந்த வீட்டில் என்ன உடுத்துகிறார்கள், என்ன நிறம் வேண்டும், யார் என்ன சொல்வார்கள் என்று ஒரு சாதாரண மருமகளின் கவலைகள். காட்டுக்குப் போக வேண்டும் என்றானதும் புடவைக் கணக்கும் மாறிப்போகிறது. பேரிதிகாசத்தைப் புடவை மடிப்புக்குள் வைத்துக் கட்டிவிட்டார். நாம் அங்கே சிரிப்பது சீதையைப் பார்த்து இல்லை. அவள் வாழ்க்கையை அவளைக் கேட்காமலே முடிவு செய்கிற அரண்மனையைப் பார்த்து. 'சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்' என்று தம் கட்டுரைத் தொகுப்புக்குப் பெயர் வைத்தவர் அவர். பெண்கள் பேசுவது சில்லறைச் சங்கதி என்கிறீர்களா, சரி, கம்பெனியே தொடங்கிவிடுகிறேன் என்கிற மிடுக்கு அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. தமிழ் நகைச்சுவை எழுத்து என்றால் கல்கி, தேவன் என்று மூச்சுவிடாமல் சொல்கிறவர்களிடம் குமுதினியைக் கேட்டுப் பாருங்கள்.

சிரிப்பை நான் எதிர்க்கவில்லை. மேலேயிருந்து கீழே விழுகிற சிரிப்பைத்தான் எதிர்க்கிறேன். அரண்மனையைப் பார்த்துச் சிரிக்கிற சீதையும், மேற்பார்வையாளரையும் மாணவியையும் ஒரே சொல்லில் முடித்த அந்த அக்காவும் எனக்கு வேண்டும்.

ஆகவே தோழிகளே, சின்னதாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மேடையிலிருந்து சாம்பார் ஜோக் வந்தால் சிரிக்காதீர்கள். சண்டை போட வேண்டாம், வெளிநடப்பு வேண்டாம். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "புரியலைங்க, கொஞ்சம் விளக்கிச் சொல்றீங்களா?" என்று கேளுங்கள். விளக்கம் சொல்லச் சொல்ல அந்த ஜோக் அவர் கையிலேயே செத்துப்போவதைப் பார்க்கலாம்.

நான் கேட்டுப் பார்த்தேன். சில மாதங்களுக்கு முன்பு, அடையாறில் ஒரு கூட்டம். வேறு எழுத்தாளர், அதே சாம்பார். கேள்வி நேரத்தில் எழுந்து, "சாம்பார் அடிப்பிடிக்கும்போது நீங்க எங்க சார் இருந்தீங்க?" என்றேன். அவர் சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. "எழுதிக்கிட்டிருந்தேன்" என்றார். "அப்ப அது உங்க புத்தகத்தாலதானே அடிப்பிடிச்சுது?" என்றேன். பின்வரிசையில் ஒரு கல்லூரி மாணவி பக்கென்று சிரித்தாள், பிறகு இன்னொருத்தி. முன்வரிசையில் அவருடைய மனைவி திரும்பிப் பார்த்தார். தலைப்பால் வாயை மூடவில்லை.

கூட்டம் முடிந்து ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். "ஏம்மா, ஒரு ஜோக்குக்குக்கூடச் சிரிக்கக் கூடாதா?"

"சிரிச்சோமே சார்" என்றேன். "நீங்க கவனிக்கலையா?"